மேடைக்குப் பின்னால் கைவிடப்படும் தொழிலாளர்கள்: இசைப் பயணங்களில் நிகழும் ஊதிய மோசடி

உலகப் புகழ்பெற்ற இசைக்குழு ஒன்று ஒரு நகரத்தில் இரண்டு மணித்தியாலங்கள் பாடிவிட்டுச் செல்கின்றது. அந்த இரண்டு மணித்தியாலங்களுக்காக அதிகாலையிலேயே லொறிகள் வந்து சேர்கின்றன. கூரையில் ஏறி விளக்குகளைக் கட்டுவோர், ஒலிபெருக்கிகளை அடுக்குவோர், மின்னிணைப்புகளை வழங்குவோர், வாத்தியங்களைச் சுருதி சேர்த்து வைப்போர், சமையற்காரர், சாரதிகள், பாதுகாப்பு ஊழியர் எனப் பலர் நாள் முழுவதும் உழைக்கின்றனர். இரசிகர்கள் வீடு திரும்பிய பின்னர் இவர்களே எல்லாவற்றையும் கழற்றி மீண்டும் லொறிகளில் ஏற்றி, இரவோடிரவாக அடுத்த நகரத்திற்குப் புறப்படுகின்றனர்.

இவர்களுள் பெரும்பாலானோர் எந்தவொரு நிறுவனத்தினதும் நிரந்தர ஊழியர்கள் அல்லர். ஒரு பயணத்திற்கென வாரக் கணக்கிலோ நாட் கணக்கிலோ அமர்த்தப்படுபவர்கள். பயணத்தை நிர்வகிப்போர் நேர்மையானவர்களாக இருக்கும் வரை இந்த ஏற்பாடு சிக்கலின்றி நடைபெறும். நிர்வகிப்போர் நேர்மை தவறும்போது முதலில் பாதிக்கப்படுவோரும், இழந்ததை மீளப் பெறுவதில் கடைசி வரிசையில் நிற்போரும் இத்தொழிலாளர்களே. இந்நிலை ஏன் ஏற்படுகின்றது என்பதையும், ஏனைய தொழிற்றுறைகள் இதே பிரச்சினையை எவ்வாறு எதிர்கொண்டன என்பதையும் ஆராய்வது பயனுடையதாகும்.

பணம் செல்லும் பாதை

இசைப் பயணமொன்றில் பணம் பல கைகளினூடாகவே செல்கின்றது. ஒரு நகரத்தில் நிகழ்ச்சியை நடத்தும் ஏற்பாட்டாளர், இசைக்குழுவின் முகவருடன் ஒரு குறித்த தொகைக்கு ஒப்பந்தம் செய்துகொள்கின்றார். அதன் ஒரு பகுதி, பெரும்பாலும் அரைவாசி, முற்பணமாகச் செலுத்தப்படும். எஞ்சிய பகுதி நிகழ்ச்சி நடைபெறும் இரவில் வரவு செலவு கணக்குப் பார்க்கப்பட்ட பின்னர் கொடுக்கப்படும். இதில் முகவர் ஏறத்தாழ 10 சதவீதத்தையும், இசைக்குழுவின் முகாமையாளர் 15 முதல் 20 சதவீதம் வரையான தொகையையும் தமது தரகாகப் பெறுவது வழமை.

ஆனால், முதலாவது நிகழ்ச்சி நடைபெறுவதற்கு முன்னரே செலவுகள் ஆரம்பமாகிவிடுகின்றன. ஒத்திகை மண்டபம், விமானப் பயணம், விசா, வாகனங்கள், ஒலி ஒளி உபகரணங்கள் ஆகிய அனைத்திற்கும் பணம் தேவை. விமான நிறுவனம் கடனுக்கு ஆசனம் வழங்குவதில்லை. ஹோட்டல் கடனட்டையைக் கேட்கின்றது. உபகரணங்களை வாடகைக்கு விடும் நிறுவனம் வைப்புப் பணம் இல்லாமல் களஞ்சியக் கதவைத் திறப்பதில்லை. இந்த வரிசையில் முன்கூட்டிப் பணம் கேட்காத ஒரே தரப்பு தொழிலாளர்களே. அவர்கள் முதலில் உழைத்து, வாரத்தின் முடிவிலோ பயணத்தின் முடிவிலோ ஊதியம் பெறுகின்றனர். வேறு விதமாகக் கூறினால், அவர்கள் தமது உழைப்பைக் கடனாகக் கொடுக்கின்றனர். பணத் தட்டுப்பாடு ஏற்பட்ட ஒரு நிர்வாகத்திற்கு மிக இலகுவாகக் கிடைக்கும் கடன் இதுவேயாகும். இதற்கு வட்டியும் இல்லை, பிணையும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல பயணங்கள் அந்தப் பயணத்திற்கென்றே பதிவு செய்யப்பட்ட ஒரு கம்பனியின் பெயரில் நடத்தப்படுகின்றன. வரிக் காரணங்களுக்காகவும் விபத்துப் பொறுப்பைக் கட்டுப்படுத்துவதற்காகவும் இவ்வாறு செய்வது சட்டபூர்வமானதே. எனினும், அந்தக் கம்பனிக்குச் சொந்தமாகக் கட்டிடமோ வாகனமோ கிடையாது. இசைக்குழுவின் பெயரும் பாடல்களின் உரிமையும் வேறிடத்தில் இருக்கும். பயணம் முறிந்தால் எஞ்சுவது வெறுமையான ஒரு வங்கிக் கணக்கு மட்டுமே. ஊதியம் கேட்டு வழக்குத் தொடர்ந்து வெற்றி பெற்றாலும் தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ள எதுவும் இருக்காது.

ஏமாற்றும் முறைகள்

நேர்மையற்ற நிர்வாகம் தொடக்கத்திலேயே தன்னை இனங்காட்டிக்கொள்வதில்லை. முதல் வாரத்தில் சம்பளம் ஒழுங்காக வரும். பின்னர் ஒரு வாரம் தாமதமாகும். வங்கிப் பரிமாற்றம் நடைபெற்றுக்கொண்டிருக்கின்றது, அடுத்த நகரத்தின் முற்பணம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறப்படும். இதனிடையே உணவுச் செலவிற்கான நாளாந்தக் கொடுப்பனவு மட்டும் தவறாமல் கையில் கொடுக்கப்படும். சிறு தொகை கையில் வந்துகொண்டிருக்கும்போது பெருந்தொகை வராது என்று எவரும் எண்ணுவதில்லை.

நிலுவை கூடக் கூட, தொழிலாளி விலகிச் செல்வது கடினமாகின்றது. இரண்டு வாரச் சம்பளம் நிலுவையில் இருக்கும்போது விலகினால் அது முற்றாகக் கிடைக்காமற் போய்விடுமோ என்ற அச்சத்தில் மூன்றாவது வாரமும் உழைக்கின்றார். வெளிநாடொன்றில் இருந்தால், வீடு திரும்புவதற்கான பயணச்சீட்டும் அதே நிர்வாகத்தின் கையிலேயே இருக்கின்றது. நிகழ்ச்சியை இடைநடுவில் கைவிட்டவர் என்ற பெயர் ஏற்பட்டால் அடுத்த வேலை கிடைக்காது என்ற பயமும் உண்டு. இத்துறையில் வேலை விளம்பரம் மூலமாகக் கிடைப்பது அரிது. ஒருவர் மற்றவரைச் சிபாரிசு செய்வதனாலேயே கிடைக்கின்றது. ஆதலால், ஏமாற்றப்பட்டவர் வாய் திறப்பதில்லை. அவரது மௌனமே அதே நிர்வாகம் அடுத்த பயணத்திற்குப் புதியவர்களை அமர்த்திக்கொள்ள உதவுகின்றது.

பஹாமாஸ் தீவில் நடந்தது

இந்தப் பொறிமுறை எவ்வாறு இயங்குகின்றது என்பதை உலகம் வெளிப்படையாகக் கண்ட சந்தர்ப்பம் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பஹாமாஸின் கிரேட் எக்சுமா தீவில் நடைபெறவிருந்த ‘பயர்’ இசை விழாவாகும். அது தனியொரு குழுவின் பயணமன்று. பல குழுக்கள் பங்குபற்றவிருந்த விழா. எனினும், பணம் புரட்டப்பட்ட விதமும் தொழிலாளர் நடத்தப்பட்ட விதமும் மேலே கூறியவற்றிலிருந்து வேறுபட்டவையல்ல.

இளம் வர்த்தகரான பில்லி மெக்பார்லண்டும் ராப் பாடகர் ஜா ரூலும் இவ்விழாவை முன்னின்று விளம்பரப்படுத்தினர். பிரபல மொடல் அழகிகள் கடற்கரையில் தோன்றும் காணொளி ஒன்று சமூக வலைத்தளங்களில் பரப்பப்பட்டது. சொகுசுக் கூடாரங்கள், உயர்தர உணவு, தனியார் விமானம் என்றெல்லாம் வாக்களிக்கப்பட்டது. ஏப்ரல் 27ஆம் திகதி முதல் தொகுதி விருந்தினர்கள் வந்திறங்கியபோது கண்டவை, அனர்த்த காலங்களில் பயன்படுத்தப்படும் கூடாரங்களும் மழையில் நனைந்த மெத்தைகளுமே. முக்கிய இசைக்குழுவான பிளிங்க்-182 அன்றைய தினமே விலகிக்கொள்வதாக அறிவித்திருந்தது. மறுநாள் விழா கைவிடப்பட்டது.

வசதி படைத்த இளைஞர்கள் பாண் துண்டும் பாற்கட்டியும் உண்ண நேர்ந்த செய்தி உலகெங்கும் நகைப்புக்கு உள்ளானது. ஆனால், அந்தத் தீவில் வாரக் கணக்கில் வெயிலில் நின்று நிலத்தைச் செப்பனிட்டு, கூடாரங்களை நாட்டி, பொருட்களைச் சுமந்த உள்ளூர்த் தொழிலாளர்கள் குறித்து அன்று பேசியவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்குரிய கூலி கொடுக்கப்படவில்லை. ஏற்பாட்டாளர்கள் விமானமேறிச் சென்றுவிட்டனர். வேலையாட்களுக்கு உணவு சமைத்துக் கொடுத்த உள்ளூர் உணவக உரிமையாளரான பெண்மணி ஒருவர், தன்னிடம் வேலை செய்தவர்களுக்குத் தனது சேமிப்பிலிருந்தே ஏறத்தாழ 50,000 டொலரைக் கொடுத்துத் தீர்த்தார். 2019ஆம் ஆண்டு ஜனவரியில் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட ஆவணப்படத்தில் அவர் இதனைக் கண்ணீருடன் கூறிய பின்னரே பொதுமக்கள் இணையத்தின் வழியாக அவருக்கு இரண்டு இலட்சம் டொலருக்கும் அதிகமான தொகையைச் சேர்த்துக் கொடுத்தனர். கமெராவின் முன் தோன்றாத கூலியாட்களுக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை.

நியூயோர்க் அலுவலகத்தில் பணியாற்றிய ஊழியர்களின் நிலையும் கவனத்திற்குரியது. விழா முறிந்த பின்னர் தொலைபேசிக் கூட்டமொன்றில், சம்பளம் வழங்க இயலாது என்றும், ஆயினும் எவரும் வேலையிலிருந்து நீக்கப்படவில்லை என்றும் அவர்களுக்குக் கூறப்பட்டது. கேட்பதற்கு இரக்கமான வார்த்தைகளாகத் தோன்றினாலும் இதன் விளைவு கொடியது. வேலை நீக்கப்பட்டவர் அரசாங்கத்தின் வேலையின்மைக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். நீக்கப்படாமல் சம்பளமும் பெறாதவர் அதனை இலகுவில் பெற முடியாது. வேலையும் இன்றி, வேலையின்மையும் இன்றி அவர்கள் நடுவே நிறுத்தப்பட்டனர்.

சட்டம் யாருக்குக் கைகொடுத்தது?

மெக்பார்லண்ட் 2017 ஜூன் மாத இறுதியில் கைது செய்யப்பட்டார். 2018ஆம் ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு அவ்வாண்டு ஒக்டோபரில் 6 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 26 மில்லியன் டொலரைப் பறிமுதல் செய்யவும் உத்தரவிடப்பட்டது. பிணையில் இருந்த காலத்திலும் அவர் போலி நுழைவுச்சீட்டுகளை விற்றமை அம்பலமாகியிருந்தது. 2022ஆம் ஆண்டில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார்.

மோசடிக்காரர் தண்டிக்கப்பட்டார் என்ற வகையில் இது நீதியின் வெற்றியே. எனினும், எந்தக் குற்றங்களுக்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்பதை நோக்குதல் வேண்டும். போலிக் கணக்குகளைக் காட்டி முதலீட்டாளர்களை ஏமாற்றியமையும் நுழைவுச்சீட்டு வர்த்தகத்தில் செய்த மோசடியுமே அமெரிக்க நீதிமன்றத்தின் முன் பிரதானமாக நின்றன. எக்சுமாத் தீவின் கூலியாட்களுக்குக் கொடுக்கப்படாத ஊதியம் அந்தக் குற்றப்பத்திரத்தின் மையமாக இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டு மெக்பார்லண்ட் மீண்டும் பஹாமாஸில் ஒரு முயற்சியில் இறங்க முற்பட்டபோது, அந்நாட்டின் துணைப் பிரதமர் செஸ்டர் கூப்பர் அதனை அரசாங்கம் அங்கீகரிக்காது என அறிவித்தார். அவருக்கு எதிரான முறைப்பாடுகள் பஹாமாஸ் பொலிஸாரிடம் நிலுவையில் இருப்பதாகவும் அவர் குறிப்பிட்டார்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. விழா முறிந்ததும் பஹாமாஸ் சுங்க அதிகாரிகள், தீர்வை நிலுவையைக் காரணம் காட்டி இறக்குமதி செய்யப்பட்ட பொருட்களைத் தடுத்து வைத்தனர். அரசின் கையில் ஒரு பிடிமானம் இருந்தது. நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் கடனட்டை நிறுவனங்களிடம் முறையிட முடிந்தது. கூட்டாக வழக்குத் தொடரவும் முடிந்தது. முதலீட்டாளர்களின் பக்கம் அரச வழக்குத்தொடுநர்கள் நின்றனர். தொழிலாளர்களின் கையில் மட்டும் எந்தப் பிடிமானமும் இருக்கவில்லை. அவர்கள் கொடுத்தது உழைப்பு. கொடுத்த உழைப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

கலைஞர்களின் பொறுப்பு

இத்தகைய சம்பவங்களில் இசைக்குழுவினர் பெரும்பாலும் கூறுவது, தமக்கு எதுவும் தெரியாது என்பதாகும். இதனை முற்றாகப் பொய்யென ஒதுக்கிவிடவும் இயலாது. பணத்தைக் கையாளுவோர் கலைஞரையே ஏமாற்றிய சம்பவங்கள் இசையுலகில் நிறைய உண்டு. கனேடியப் பாடகரும் கவிஞருமான லெனார்ட் கோஹன், தனது நீண்டகால முகாமையாளர் தனது ஓய்வுக்காலச் சேமிப்பைக் கையாடிவிட்டதாக 2005ஆம் ஆண்டு வழக்குத் தொடர்ந்தார். 2006ஆம் ஆண்டு அவருக்கு 9 மில்லியன் டொலர் வழங்குமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் பணத்தை அறவிடுவது எளிதாக இருக்கவில்லை. எழுபது வயதைக் கடந்திருந்த அவர் 2008ஆம் ஆண்டு மீண்டும் உலகப் பயணம் மேற்கொள்ள நேர்ந்தது.

சட்டத்தரணிகளையும் கணக்காளர்களையும் அமர்த்தக்கூடிய ஒரு புகழ்பெற்ற கலைஞரே ஏமாற்றப்படலாம் என்றால், வாரச் சம்பளத்திற்கு ஒலிபெருக்கி சுமப்பவரின் நிலை எத்தகையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதேவேளை, கலைஞரின் அறியாமை அவரது பொறுப்பை முற்றாக நீக்கிவிடாது. தொழிலாளர்கள் பயண நிர்வாகத்தின் பெயரைக் கேட்டு வேலைக்கு வருவதில்லை. இசைக்குழுவின் பெயரை நம்பியே வருகின்றனர். அந்தப் பெயரைப் பயன்படுத்த அனுமதித்தவர், அப்பெயரால் அமர்த்தப்பட்டவர்களுக்கு ஊதியம் சென்றடைந்ததா என்று விசாரிக்கும் கடமையும் உடையவராகின்றார்.

ஏனைய துறைகள் கண்ட வழி

ஊர் ஊராகச் சென்று தொழில் புரிவோர் நடுவழியில் கைவிடப்படுவது புதிய பிரச்சினையல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாடகக் கலைஞர்களும் இதே அவலத்தை அனுபவித்தனர். வசூல் குறைந்ததும் தயாரிப்பாளர் தலைமறைவாகிவிட, நடிகர்கள் அந்நிய நகரங்களில் திரும்பிச் செல்லப் பணமின்றித் தவித்தனர். 1913ஆம் ஆண்டு உருவான நடிகர் சங்கம் 1919ஆம் ஆண்டு பெரும் வேலைநிறுத்தம் ஒன்றை நடத்தித் தனது பலத்தை நிலைநாட்டியது. இன்று அச்சங்கத்தின் உறுப்பினர்களை அமர்த்தும் தயாரிப்பாளர், பொதுவாக இரண்டு வாரச் சம்பளத்திற்கு ஈடான தொகையைச் சங்கத்திடம் முன்கூட்டியே பிணையாக வைத்தல் வேண்டும். நாடகம் முறிந்தால் அந்தப் பணம் நடிகர்களைச் சென்றடையும். தயாரிப்பாளர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

கடற்றொழிலில் இப்பாதுகாப்பு மேலும் வலுவானது. ஊதியம் கொடுக்கப்படாத மாலுமிகள் தாம் பணியாற்றிய கப்பலையே நீதிமன்றத்தின் மூலம் தடுத்து வைக்கக் கோரலாம். கப்பல் விற்கப்பட்டால், அதனை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்த வங்கிக்கும் முன்பாக மாலுமிகளின் ஊதியம் கணக்கிடப்படுவது பல நாடுகளின் சட்டமாகும். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்திற்குக் கொண்டுவரப்பட்ட, 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, கப்பல் உரிமையாளர் நிதிப் பாதுகாப்பொன்றை வைத்திருத்தல் கட்டாயம். மாலுமிகள் கைவிடப்பட்டால் நான்கு மாதங்கள் வரையான நிலுவைச் சம்பளமும் நாடு திரும்பும் செலவும் அதிலிருந்து வழங்கப்படும்.

மத்திய கிழக்கில் உழைக்கும் நம்மவர்களுக்கும் இந்த அனுபவம் அந்நியமானதன்று. சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று தொழில் வழங்குநர் வாயால் கூறுவதை ஏற்றுக்கொள்ளாமல், வங்கி வழியாகவே அதனைச் செலுத்த வேண்டும் என்ற முறையை ஐக்கிய அரபு இராச்சியம் 2009ஆம் ஆண்டில் ஆரம்பித்தது. சம்பளம் தாமதமானால் அதிகாரிகளுக்குத் தெரியவரும் வகையில் அது அமைக்கப்பட்டது.

சுயாதீனமாகத் தொழில் புரிவோருக்கெனத் தனிச் சட்டங்களும் உருவாகியுள்ளன. நியூயோர்க் நகரில் 2017 மே 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, 800 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட பெறுமதியுள்ள வேலைக்கு எழுத்து மூல ஒப்பந்தம் அவசியம். கொடுப்பனவுத் திகதி குறிப்பிடப்படாதவிடத்து வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பணம் செலுத்தப்பட வேண்டும். தவறினால் இரட்டிப்புத் தொகையைக் கோர முடியும். பயர் விழா முறிந்து மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில் இச்சட்டம் அமுலுக்கு வந்தமை தற்செயலானதே. 2024 ஆகஸ்ட் மாதம் நியூயோர்க் மாநிலம் முழுவதிலும் இத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவிலும் இதனையொத்த சட்டம் உள்ளது. ஆயினும், இன்று ஒரு நகரத்திலும் நாளை வேறொரு நாட்டிலும் வேலை செய்யும் இசைப் பயணத் தொழிலாளிக்கு ஒரு நகரத்தின் சட்டம் ஓரளவிற்கே கைகொடுக்கும்.

செய்ய வேண்டியவை

மேற்கூறிய உதாரணங்களில் பொதுவானதோர் அம்சம் உண்டு. எங்கெல்லாம் தொழிலாளர் பாதுகாக்கப்பட்டனரோ, அங்கெல்லாம் வேலை தொடங்குவதற்கு முன்னரே ஊதியத்திற்குரிய பணம் நிர்வாகத்தின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டுள்ளது. அல்லது கப்பலைப் போன்று தொழிலாளர் பற்றிப்பிடிக்கக்கூடிய சொத்தொன்று இருந்துள்ளது. தவறு நடந்த பின்னர் வழக்குத் தொடர்வது, பணம் இருக்கும் இடத்தில் மாத்திரமே பலனளிக்கும்.

இசைப் பயணங்களிலும் இதனை நடைமுறைப்படுத்துவது கடினமானதன்று. நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் செலுத்தும் முற்பணத்திலிருந்து, முகவரினதும் முகாமையாளரினதும் தரகு கழிக்கப்படுவதற்கு முன்னதாக, இரண்டு அல்லது மூன்று வார ஊதியம் தனிக் கணக்கொன்றில் ஒதுக்கப்படலாம். நாடு திரும்புவதற்கான பயணச்சீட்டைத் தொழிலாளர் புறப்படும்போதே அவரிடம் கையளிக்கலாம். இசைக்குழு தனது பெயரை வழங்கும் ஒப்பந்தத்திலேயே இவற்றை நிபந்தனைகளாகச் சேர்க்க முடியும். உபகரணங்களை வாடகைக்கு விடுபவர் வைப்புப் பணம் கேட்பதை எவரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. உழைப்பை வழங்குபவர் அதனைக் கேட்கும்போது மட்டும் நம்பிக்கையீனம் எனக் குறை கூறுவது நியாயமாகாது.

தொழிலாளர்களும் சில விடயங்களில் விழிப்பாக இருத்தல் வேண்டும். சம்பளத்தைச் செலுத்தப் போவது எந்தக் கம்பனி, அது எங்கு பதிவு செய்யப்பட்டுள்ளது என்பதைப் புறப்படுவதற்கு முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். வேலை செய்த நாட்களையும் கிடைத்த தொகைகளையும் திகதி வாரியாகக் குறித்து வைக்க வேண்டும். முதற் தாமதம் ஏற்பட்டவுடனேயே தனித்தனியாகக் கெஞ்சாமல் குழுவாகக் கேள்வி எழுப்புதல் வேண்டும். ஒலியமைப்பாளர் ஒருவரை இரவோடிரவாக மாற்றிவிடலாம். முழுக் குழுவையும் மாற்றிக்கொண்டு மறுநாள் மேடையேற எந்த நிர்வாகத்தாலும் முடியாது. அவர்களுக்குள்ள ஒரேயொரு உண்மையான பிடிமானம் இதுவேயாகும்.

உழைத்தவரின் வியர்வை உலர்வதற்கு முன்னர் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது இஸ்லாம் வலியுறுத்தும் நெறி. ஏனைய சமயங்களும் கூலியை மறுப்பதைப் பாவமாகவே கருதுகின்றன. ஆனால், நெறியை நினைவூட்டுவதால் மாத்திரம் பணம் கைக்கு வருவதில்லை. நாடக நடிகர்களும் மாலுமிகளும் அமைப்பாகத் திரண்டு, பல ஆண்டுகள் போராடியே அந்த நெறியைச் சட்டமாகவும் ஒப்பந்தமாகவும் மாற்றிக்கொண்டனர். மேடையின் பின்னால் இருளில் நின்று உழைப்பவர்களுக்கும் அதே பாதுகாப்பு உரித்தாக வேண்டும். அவர்களுக்குரிய ஊதியம், முதல் லொறி புறப்படுவதற்கு முன்னரே பத்திரமான ஓரிடத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.